முடிக்காத கல்யாணங்கள்

(உலகப் புகைப்பட நாளையொட்டி மதுரையில் நடந்த திருமண வீடியோ, ஒளிப்படக் கலைஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1839ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19 அன்று டாகுரியோடைப் என்ற படமெடுக்கும் முறையை பிரெஞ்சு அரசு உலகத்துக்குப் பொதுவாக அறிவித்தது. அந்த நாளை நினைவுகூர்ந்துதான் நாம் ஆண்டுதோறும் கூடுகிறோம். புதிய கேமரா, புதிய லென்ஸ், பொன்னாடை, குழுப்படம் என்று நாள் கழிந்துவிடும். இந்த முறை எனக்குக் கொடுத்த நேரத்தில் கருவிகளைப் பற்றி ஒன்றும் பேசப்போவதில்லை. கருவியைத் தூக்கும் ஆளைப் பற்றிப் பேசப்போகிறேன். ஆவணி பிறந்து சில நாள்தான் ஆகிறது. முகூர்த்தங்கள் வரிசையாகத் தொடங்கிவிட்டால் உங்களில் பாதிப்பேரைப் பிடித்து உட்கார வைக்க முடியாது. அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

இளைஞர்கள் என்னிடம் தனியாக வந்து சொல்லும் பேச்சு ஒன்று உண்டு. "அண்ணே, கேமரா பையைத் திறக்கவே மனசு வரலண்ணே." இதைச் சொல்கிறவர்கள் சோம்பேறிகள் அல்லர். வேலை கிடைக்காதவர்களும் அல்லர். தை பிறந்ததிலிருந்து ஒரு வளர்பிறை முகூர்த்தம்கூடக் காலியில்லாமல் புக்கிங் வைத்திருப்பவர்கள். ஒரு தம்பி சொன்னான்: "முன்னெல்லாம் தாலி கட்டுறப்ப எனக்கே கண்ணு கலங்கிரும்ணே. இப்ப ஃபோகஸ் சரியா இருக்கான்னு மட்டுந்தான் தெரியுது." அவன் எடுத்த படத்தைப் பார்த்தேன். ஃபோகஸ் சரியாகத்தான் இருந்தது. எல்லாமே சரியாக இருந்தது. அவன் மட்டும் அதில் இல்லை.

இந்த நிலையை மருத்துவ உலகம் கவனித்திருக்கிறது. 1974இல் நியூயார்க்கில் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் கண்டது கூலிக்கு மாரடித்தவர்களிடம் அல்ல. இலவச மருத்துவமனையில் விரும்பி வந்து உழைத்தவர்களிடம்தான். ஆசையோடு வந்தவர்கள்தான் முதலில் தீர்ந்துபோனார்கள். 2019இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராவது பதிப்பில் இதற்கு ஓர் இடம் கொடுத்தது. நோய் என்று சொல்லவில்லை, வேலையோடு தொடர்புடைய நிலை என்றது. அதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி அதன்மேல் கசப்பு வருவது, செய்வது எதுவும் உருப்படியாக இல்லை என்ற எண்ணம் வருவது. இந்த மூன்றையும் காதில் வாங்கும்போதே உங்களில் பலர் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்ததைக் கவனித்தேன்.

இதற்குக் காரணம் கற்பனை தீர்ந்துபோவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 'ஐடியா வரமாட்டேங்குது' என்கிறோம். உடனே ஒருவர் லடாக் போய்விட்டு வா என்கிறார், இன்னொருவர் புது லென்ஸ் வாங்கு என்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. நம் தொழிலில் ஆளைத் தின்பது முடிக்காத வேலை. ஹார்ட் டிஸ்கில் கிடக்கும் கல்யாணங்கள்.

கல்யாண வீட்டுக் கணக்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சமையல் மாஸ்டருக்குக் கடைசிப் பந்தி முடிந்தால் வேலை முடிந்தது. நாதஸ்வரம், தவில், புரோகிதர், பந்தல், பூ அலங்காரம், மேக்கப், எல்லோரும் அன்று மாலைக்குள் கணக்கு முடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மண்டபத்துச் சாவிகூடத் திரும்பப் போய்விடுகிறது. நம்முடைய வேலை மட்டும் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீடு போய், தலைதீபாவளி கொண்டாடி, சில வீடுகளில் வளைகாப்பும் முடிந்து, அப்போதும் அந்தக் கல்யாணம் நம் வீட்டு மேசையில் நடந்துகொண்டே இருக்கிறது. "அண்ணே, வீடியோ எப்பண்ணே வரும்?" என்ற வாட்ஸ்அப் செய்தி வரும்போது கடன்காரன் முகத்தைப் பார்க்கக் கூசுகிறவன்போல நாம் போனைக் கவிழ்த்து வைக்கிறோம். அட்வான்ஸ் வாங்கிய பணம் கேமராவின் இஎம்ஐக்குப் போய்விட்டது. மீதிப் பணம் வீடியோ கொடுத்தால்தான் வரும். அந்த வீடியோவை எடிட் செய்ய உட்கார வேண்டிய நாளில், வாடகைக்காக அடுத்த கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறோம். பழைய பாக்கியைப் புதுப் பாக்கியால் அடைக்கும் இந்த ஓட்டத்தில் ஒருவனுக்குக் கற்பனை எங்கிருந்து வரும்?

கணக்கைத் தாளில் போட்டுப் பார்ப்போம். 4கே காட்சியை வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மூன்று கேமரா, வரவேற்பும் முகூர்த்தமும் சேர்த்து ஒவ்வொன்றிலும் எட்டு மணி நேரம் என்றால் 24 மணி நேரக் காட்சி, ஏறக்குறைய ஒரு டெராபைட். அதை ஒருமுறை வெறுமனே பார்க்கவே, எட்டு மணி நேர வேலைநாளாக மூன்று நாள் வேண்டும். வெட்டவில்லை, ஒலியைச் சேர்க்கவில்லை, நிறம் சரிசெய்யவில்லை, பார்க்க மட்டும்தான். டீசர், ஹைலைட்ஸ், முழு வீடியோ, ரீல்ஸ், குடும்பத்தார் கேட்கும் திருத்தங்கள் எல்லாம் சேர்த்து ஒரு கல்யாணத்துக்குப் பத்து நாள் எடிட்டிங் என்று குறைவாகவே வைப்போம். ஆண்டுக்கு முப்பது கல்யாணம் எடுக்கும் ஒருவருக்கு எடிட்டிங் மட்டும் 300 நாள். வரவேற்புக்கு ஒரு நாள், முகூர்த்தத்துக்கு ஒரு நாள் என்று படப்பிடிப்பு 60 நாள். மொத்தம் 360. மிச்சம் இருக்கும் ஐந்து நாளில் பொங்கல், தீபாவளி, குழந்தையின் பள்ளி ஆண்டுவிழா, தனக்கு வரும் காய்ச்சல் எல்லாம் அடங்க வேண்டும். முப்பது கல்யாணம் என்று கேட்கும்போது ஊரார் நம்மை அதிர்ஷ்டசாலி என்கிறார்கள். இந்தக் கணக்கை அவர்கள் போட்டுப் பார்த்ததில்லை. நாமும் போட்டுப் பார்த்ததில்லை என்பதுதான் கவலை.

பழைய ஆட்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும். விஎச்எஸ் காலத்தில் ஒரு கேசட் மூன்று மணி நேரம். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேசட், மிஞ்சிப்போனால் மூன்று. கேசட் தீரப்போகிறது என்ற பயமே எதை எடுப்பது, எதை விடுவது என்று கண்ணுக்குக் கற்றுக்கொடுத்தது. எடுத்ததை மிக்ஸிங் செய்பவரிடம் கொடுத்துவிட்டு வருவோம். பூ விழுவதும் இதயத்துக்குள் முகம் தெரிவதும் அவர் பாடு. ஹாலஜன் விளக்கின் சூட்டில் வியர்த்து வழிந்த வேலைதான், ஆனாலும் அது பல கைகளுக்குப் பிரிந்திருந்தது. 2008இல் கேனன் 5டி மார்க் 2 வந்த பிறகு, புகைப்பட கேமராவிலேயே சினிமாபோல் படமெடுக்கலாம் என்றானது. பெரிய வரப்பிரசாதம் அது, மறுக்கமாட்டேன். அதோடு இன்னொன்றும் நடந்தது. எடுப்பவன், வெட்டுபவன், நிறம் சேர்ப்பவன், ட்ரோன் ஓட்டுபவன், இன்ஸ்டாகிராமில் போடுபவன், பணம் வசூலிப்பவன் எல்லாம் ஒரே ஆள் என்றானது. தொழில் வளர்ந்ததாகச் சொன்னோம். உண்மையில் ஆறு ஆளின் வேலையை ஒருவன் தலையில் ஏற்றினோம்.

நமக்கு ஓய்வைப் பஞ்சாங்கமே கொடுத்துவைத்திருந்தது. ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை, புரட்டாசியில் பல வீடுகளில் இல்லை. கிறிஸ்தவக் குடும்பங்கள் தவக்காலத்தில் வைப்பதில்லை, முஸ்லிம் குடும்பங்கள் ரமலானில் வைப்பதில்லை. ஒவ்வொரு சமூகமும் தனக்கென்று ஓர் இடைவெளி விட்டிருக்கிறது. எல்லா வீட்டுக் கல்யாணத்தையும் எடுக்கும் நம்மிடம் வரும்போது, ஒருவர் விட்ட இடைவெளியை இன்னொருவர் நிரப்பிவிடுகிறார். மீதியை ப்ரீ வெட்டிங் நிரப்புகிறது. ஆடி வெயிலில் மாமல்லபுரத்திலும் புதுச்சேரியின் மஞ்சள் சுவர் தெருக்களிலும் நம் ஆட்கள்தான் நிற்கிறார்கள். போதாததற்குக் காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, முதல் பிறந்தநாள். வருமானம்தான், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்பீர்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவரின் ஆண்டில் ஆடி மாதமே கிடையாது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அடுத்தது, எல்லாம் ஒன்றுபோல் இருப்பது. 2020இல் ரீல்ஸ் வந்த பிறகு, கல்யாண வீட்டார் நம்மிடம் பேச வரும்போதே கையில் ஒரு வீடியோவோடு வருகிறார்கள். "இதே மாதிரி வேணும்ணா." அதே நடை, அதே திரும்பிப் பார்த்துச் சிரிப்பு, அதே புகை, மேலிருந்து எடுத்த அதே ட்ரோன் காட்சி, அந்த மாதம் ஓடும் அதே பாட்டு. அவர்கள் ஆசைப்படுவதில் தவறில்லை. வாழ்நாளில் ஒருமுறை நடப்பது, நன்றாக வரவேண்டும் என்ற பதற்றம் அவர்களுக்கு. ஆனால் அவர்களுக்கு ஒருமுறை, நமக்கு முப்பதாவது முறை. அகலமான திரைக்கு ஒரு சட்டகம், செல்போனுக்கு நெட்டையாக ஒரு சட்டகம் என்று ஒரே நொடியை இரண்டு விதமாக யோசிக்க வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், அங்கே நிஜமாக நடப்பது கண்ணில் படாமல் போகிறது.

இன்னொரு வேலை நாம் செய்கிறோம், அதற்குப் பில்லில் ஒரு வரிகூட இருக்காது. ஆர்லி ஹாக்ஷீல்டு என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1983இல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உள்ளே என்ன இருந்தாலும் வெளியே சிரிப்பதும் அடுத்தவர் மனதைச் சமாதானமாக வைத்திருப்பதும் உழைப்புதான் என்று காட்டினார். கல்யாண வீட்டில் நம் பாதி உழைப்பு அது. தாய்மாமன் சீரில் யார் தட்டு முதலில் வரவேண்டும் என்று முறைத்துக்கொண்டு நிற்கும் இரு தரப்பையும் ஒரே சட்டகத்தில் சிரிக்க வைக்க வேண்டும். மேடையில் நாலு மணி நேரமாக நின்று கால் வலிக்கும் மணப்பெண்ணிடம், "பாப்பா, இன்னும் ஒரே ஒரு ஷாட்" என்று கெஞ்ச வேண்டும். தாலி கட்டும் அந்தச் சில வினாடிகளில் கெட்டிமேளம் முழங்கும்போது, முன்னால் முப்பது செல்போன்கள் உயரும், சித்தப்பா குறுக்கே வருவார், அட்சதை லென்ஸில் விழும். அங்கே ரீடேக் இல்லை. அந்த அழுத்தத்தை முகத்தில் காட்டாமல் நிற்க வேண்டும். முந்தின இரவு வரவேற்பு முடிந்து, மெமரி கார்டுகளைக் காப்பி செய்து படுக்கும்போது ஒரு மணி. பெண் அலங்காரம் எடுக்க மூன்று மணிக்கு எழ வேண்டும். பந்தியில் நம்மைக் கூப்பிட ஆளிருக்காது, நமக்கும் நேரமிருக்காது. இலை போட்டு உட்காரும்போது பாயசம் தீர்ந்திருக்கும். ஊரே வயிறார உண்டு போகும் வீட்டில் பசியோடு நின்று உழைப்பது உடம்பைவிட மனதைத்தான் அதிகம் வலிக்கச் செய்கிறது.

இனி, செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

கல்யாணத்தை முகூர்த்த நாளை வைத்து ஏற்காதீர்கள், எடிட்டிங் நாளை வைத்து ஏற்றுக்கொள்ளுங்கள். காலண்டரில் படப்பிடிப்புக்கு இரண்டு கட்டத்தை நிரப்பும்போதே, அதன் எடிட்டிங்குக்குப் பத்துக் கட்டத்தையும் நிரப்புங்கள். இடமில்லை என்றால் அந்த முகூர்த்தம் காலியாக இருந்தாலும் நீங்கள் காலியாக இல்லை. வருமானம் குறையுமே என்றால், குறையாதபடி கூலியை ஏற்றுங்கள், அல்லது எடிட்டருக்குக் கொடுக்கும் பணத்தை முதலிலேயே விலையில் சேருங்கள். இருபது கல்யாணத்தைச் சொன்ன தேதியில் கொடுப்பவரைத் தேடித்தான் அடுத்த கல்யாணம் வரும். முப்பதை எடுத்துவிட்டு எட்டு மாதம் இழுப்பவரைத் தேடிப் பஞ்சாயத்துதான் வரும்.

இரண்டாவது, எழுத்து. நம்மில் பெரும்பாலோர் ஒரு தாளில்கூடக் கையெழுத்து வாங்காமல் வாய்ப்பேச்சில் தொழில் செய்கிறோம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து எடுக்கப்படும் புகைப்படத்துக்கும் படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அந்தப் பணம் கொடுத்தவர்தான். நீங்கள் இரவு பகலாக வெட்டிய படத்தை உங்கள் பக்கத்தில் போட்டுக்கொள்ளக்கூட எழுத்தில் அனுமதி வேண்டும். அது அவர்கள் வீட்டுப் பெண்களின் முகம் என்பதாலும் கேட்டுத்தான் போட வேண்டும். பாட்டு விஷயமும் அப்படித்தான். கல்யாண ஊர்வலத்திலும் மண்டபத்திலும் பாட்டுப் போடுவதற்கு 52ஆவது பிரிவில் விலக்கு உண்டு. அந்த விலக்கை நம்பி, சினிமாப் பாட்டை வீடியோவில் சேர்த்து யூடியூபில் ஏற்றினால், ஒலியை முடக்கிவிடலாம். அப்படி முடக்கினால் வேறு பாட்டுக்கு மறுபடி வெட்ட வேண்டும், அதற்குக் கூலி கிடையாது. எத்தனை திருத்தம் இலவசம், எத்தனை நாளில் கொடுப்போம், மீதிப் பணத்தில் எவ்வளவு முகூர்த்தத்தன்றே வரவேண்டும், கூட வரும் ஆட்களுக்கு எப்போது சாப்பாடு, எல்லாம் அந்தத் தாளில் வரட்டும். கல்யாணத்தன்றே பெரும்பகுதி கைக்கு வந்துவிட்டால், எடிட்டிங் மேசையில் நாம் கடனாளியாக உட்கார வேண்டியதில்லை.

மூன்றாவது, வேலையிலிருந்து மனதை விடுவிப்பது. சபீனா சோனென்டாக் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதைப் பல ஆண்டு ஆராய்ந்திருக்கிறார். வேலையை நிறுத்தினால் போதாது, வேலை முடிந்த நேரத்தில் மனமும் அதைவிட்டு விலகினால்தான் உடம்பு தேறுகிறது என்கிறார். படுக்கையறையில் எடிட்டிங் கணினி வைத்திருப்பவருக்கு அது எப்படி நடக்கும்? வாடிக்கையாளருக்கும் மனைவிக்கும் அம்மாவுக்கும் ஒரே போன் எண் வைத்திருப்பவருக்கு எப்படி நடக்கும்? தொழிலுக்குத் தனி எண் வாங்குங்கள். இரவு எட்டு மணிக்கு அதை அணையுங்கள். கொடுக்கும் தேதி எழுத்தில் இருந்தால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

கடைசியாக, நெஞ்சில் இருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கலை எது என்பதில் நாம் வழி தவறுகிறோமோ என்று எனக்கு வருத்தம் உண்டு. டீசரைக் கலை என்கிறோம், மூன்று மணி நேர முழு வீடியோவை 'டிரெடிஷனல்' என்று ஒதுக்கி, புதிதாக வந்த பையனிடம் கொடுத்துவிடுகிறோம். பழைய வாடிக்கையாளர்கள் என்னிடம் திரும்பி வருவது டீசருக்காக அல்ல. "அப்பா இறந்துட்டாருண்ணே, அவர் பேசுற மாதிரி எதாவது இருக்கா?" என்று கேட்டு வருகிறார்கள். மண்டபத்து வாசலில் நின்று, வருகிறவர்களை "வாங்க வாங்க, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று கூப்பிட்ட குரல் அந்த நீள வீடியோவில்தான் இருக்கும். பாட்டுப் போட்டு மூடிய டீசரில் இருக்காது. பாட்டி ஊஞ்சல் பாட்டை இழுத்துப் பாடியது, தாரை வார்க்கும்போது பெண்ணைப் பெற்றவர் கை நடுங்கியது, மொய் எழுதும் மேசையில் நடந்த சலசலப்பு, இதெல்லாம் அந்த ஊரின், அந்தச் சாதிசனத்தின், அந்த ஆண்டின் பதிவு. எந்த ரீலைப் பார்த்தும் இதைக் காப்பியடிக்க முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு வீட்டிலும் இது வேறு. மனம் வறண்டுபோன தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: அடுத்த கல்யாணத்தில் கிம்பலைக் கொஞ்சநேரம் கீழே வைத்துவிட்டு, ஓர் ஓரத்தில் ஸ்டாண்டைப் போட்டு, வயதானவர்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையை நல்ல மைக்கோடு பதினைந்து நிமிடம் எடுங்கள். யாரையும் சிரிக்கச் சொல்லாதீர்கள். நாம் எதற்காக இந்தத் தொழிலுக்கு வந்தோம் என்பது அங்கே விளங்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒருவருக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வருகிறது என்றால், அது வெறும் வேலைச் சோர்வு அல்ல. தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். இந்த எண்ணை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் உங்கள் லைட் பாய்க்குத் தேவைப்படலாம், அறையை விட்டு வெளியே வராத உங்கள் எடிட்டருக்குத் தேவைப்படலாம். அவர்கள் நம்மிடம் தினக்கூலிக்கு வருகிறார்கள். நமக்காவது மேடையருகே ஒரு மரியாதை உண்டு, அவர்களுக்கு அதுவும் இல்லை.

மேடையில் இருக்கும் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். தனி ஆளாக ஒருவர் ஒப்பந்தத் தாளை நீட்டினால், "அவன் பெரிய ஆளாயிட்டான்" என்று பேச்சு வரும், பக்கத்துத் தெருக்காரர் தாளே இல்லாமல் அந்த வேலையை வாங்கிவிடுவார். ஊரில் இருக்கும் எல்லோரும் ஒரே தாளை நீட்டினால் அதுவே வழக்கமாகிவிடும். புரட்டாசியில் நமக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. அதற்குள் ஒரு வழக்கறிஞரை உட்காரவைத்து, எளிய தமிழில் இரண்டு பக்கப் பொது ஒப்பந்தப் படிவம் ஒன்றைத் தயார் செய்யுங்கள். கொடுக்கும் தேதி, திருத்தங்களின் எண்ணிக்கை, முகூர்த்தத்தன்று வரவேண்டிய தொகை, உதவியாளர்களின் கூலி, அவர்களின் சாப்பாடு எல்லாம் அதில் இருக்கட்டும். ஐப்பசியின் முதல் முகூர்த்தத்திலிருந்து அந்தப் படிவத்தில் கையெழுத்து இல்லாமல் நம் ஊரில் யாரும் அட்வான்ஸ் வாங்க வேண்டாம்.